குழந்தையின் பிணைப்பும் பெரியோரின் மனநலமும்

1951ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் ஜினீவா நகரிலிருந்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர் பெற்றோரை இழந்தும் வீடிழந்தும் நின்ற குழந்தைகளின் மனநிலை குறித்து எழுதப்பட்ட அறிக்கை அது. எழுதியவர் லண்டன் நகர மனநல மருத்துவர் ஜான் பௌல்பி என்பவர். உண்ண உணவும் உடுக்க உடையும் இருக்க இடமும் அளித்துவிட்டால் குழந்தைக்குச் செய்யவேண்டியன யாவும் முடிந்துவிட்டன என்று அந்நாளில் பல நாட்டுச் சர்க்கார்களும் எண்ணியிருந்தன. தன்னை அன்புடன் கவனிக்கும் ஒருவரோடு இடையறாத நெருக்கமும் குழந்தைக்கு வேண்டும் என்றும், அது கிடையாத குழந்தையின் மனவளர்ச்சி பாதிக்கப்படும் என்றும் பௌல்பி எழுதினார். உடல் வளர்ச்சிக்கு ஊட்டச் சத்து எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது மனவளர்ச்சிக்கு இந்நெருக்கம் என்பது அவர் கருத்து.

இதிலென்ன புதுமை, பெற்றவள் அறியாததா என்று நம் வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் அறிந்த ஒன்றை ஆராய்ந்து நிலைநாட்டுவது வேறு. அவ்வாராய்ச்சியின் பயனாகவே மருத்துவமனைகளின் விதிகள் மாறின. அநாதை விடுதிகளைப் பற்றிய கொள்கைகள் மாறின. மனத்துயருற்ற பெரியோருக்குச் சிகிச்சை அளிக்கும் முறையும் மாறிற்று. பிணைப்புக் கொள்கை என்று வழங்கப்படும் இதனை இங்குச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கொள்கை பிறந்த வரலாறு

பௌல்பி 1907ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற அறுவை மருத்துவர். அக்காலத்து ஆங்கிலச் செல்வக் குடும்பங்களில் குழந்தைகளைத் தாதியரே வளர்த்தனர். பெற்றோரைக் காண்பது நாளுக்கு ஒரு முறை என்ற அளவில்தான் இருந்தது. பௌல்பியை வளர்த்த தாதி, அவருக்கு நான்கு வயது ஆகும் தறுவாயில் வேலையை விட்டுச் சென்றாள். அப்பிரிவைத் தாயை இழந்ததற்கு ஒப்பாகவே அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

மருத்துவராகிச் சிறார் மனநல விடுதியில் பணியாற்றியபோது, திருட்டுக் குற்றத்துக்காகத் தம்மிடம் கொண்டுவரப்பட்ட 44 சிறார்களின் வரலாற்றை அவர் தொகுத்தார். 1944ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று. அவர்களுள் 14 பேர் எவரிடத்தும் பாசமோ இரக்கமோ காட்டாதவர்கள். அந்தப் 14 பேருள் 12 பேர் இளங்குழந்தைப் பருவத்தில் தாயைவிட்டு நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் என்று தெரியவந்தது. ஏனைய 30 பேருள் அவ்வாறு பிரிந்திருந்தவர்கள் 5 பேரே. எண்ணிக்கை சிறியது; வறுமை முதலிய பிற காரணங்களை அவர் பிரித்து அளக்கவுமில்லை. ஆகையால் இதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் தேடவேண்டிய திசையை அது காட்டிற்று.

அடுத்த சான்று ஒரு திரைப்படம். பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனைகளில் தனியே விடப்பட்ட இளங்குழந்தைகளைக் கவனித்து வந்தார். அந்நாளைய லண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் பெற்றோர் வாரத்தில் ஒரு நாள்தான் வரலாம். சிலவற்றில் சேர்த்த முதல் மாதம் முழுதும் குழந்தையுடன் பேசவே இயலாது. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது. வராவிட்டால் அமைதியாய் இருக்கிறது. எனவே வராதிருப்பதே நன்று என்று தாதியர் வாதித்தனர். அந்த அமைதி எத்தகையது என்பதை ராபர்ட்சன் கண்டறிந்தார். முதலில் குழந்தை கதறித் தாயைத் தேடுகிறது. பின்னர் ஓய்ந்து, எதிலும் நாட்டமின்றிக் கிடக்கிறது. நாட்கள் நீண்டால், எவரிடமும் சிரிக்கிறது, எவரையும் நாடுவதில்லை. தாய் வந்து நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாம் நிலையைத்தான் தேறிவிட்டது என்று எல்லோரும் எண்ணிவந்தனர்.

சொல்லால் விளக்கியும் மருத்துவர்கள் ஒப்பவில்லை. ஆகவே ராபர்ட்சன் ஒரு படப்பிடிப்புக் கருவியை வாங்கி, சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை நாள்தோறும் படம் பிடித்தார். 1952ஆம் ஆண்டு நவம்பரில் அப்படம் லண்டனில் மருத்துவர் கூட்டத்தில் காட்டப்பட்டபோது பலர் சினந்தனர். மருத்துவமனைகளை இழிவுபடுத்துகிறது என்றனர். ஆயினும் படம் தன் வேலையைச் செய்தது. 1959ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் நியமித்த குழுவொன்று, குழந்தைகளைப் பார்க்கப் பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு இருத்தலாகாது என்றும், இளங்குழந்தையுடன் தாயும் தங்க வசதி செய்தல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அது எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று மருத்துவமனையில் குழந்தையின் கட்டிலருகே தாயோ பாட்டியோ இருப்பது இயல்பாகத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் இப்படியொரு போராட்டம் நடந்திருக்கிறது.

வாத்தும் குரங்கும் சொன்ன பாடம்

குழந்தை தாயை நாடுவது பாலுக்காகவே என்பது அதுவரை மனோதத்துவ நிபுணர் பலருடைய அபிப்பிராயம். பௌல்பி இதை ஏற்கவில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தவர்களின் நூல்களை அவர் புரட்டினார். ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கான்ராட் லோரன்ஸ் 1935ஆம் ஆண்டில் எழுதியதொன்று அவர் கருத்தைக் கவர்ந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்தினப் பறவைக் குஞ்சு, தன் கண்முன் முதலில் நடமாடியதையே தாயெனக் கொண்டு பின்தொடர்கிறது. அது இரை கொடுத்ததா இல்லையா என்பதைப் பார்ப்பதில்லை. கோழியை அடைவைத்து வாத்து முட்டை பொரிக்கச் செய்யும் விவசாயிகளுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதன்று. குஞ்சுகள் கோழியின் பின்னே ஓடுவதையும், குட்டையைக் கண்டதும் அவை இறங்கிவிடக் கோழி கரையில் நின்று தவிப்பதையும் அவர்கள் நேரில் கண்டிருப்பர்.

1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஹாரி ஹார்லோ தம் குரங்குப் பரிசோதனையை வெளியிட்டார். பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரு பொம்மைத் தாய்கள் வைக்கப்பட்டன. ஒன்று வெறும் கம்பியாலானது. மற்றது மெத்தென்ற துணி சுற்றப்பட்டது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பசித்த நேரத்தில் மட்டும் அங்குச் சென்று, மற்ற நேரமெல்லாம் துணித் தாயையே அணைத்துக் கிடந்தன. அச்சம் நேர்ந்தபோது அதனிடமே ஓடின. (இக்குரங்குகள் வட இந்தியாவில் வாழும் இனத்தைச் சேர்ந்தவை, நம் கோயில் மண்டபங்களில் காணும் குல்லாய்க் குரங்கு வேறு இனம்.) தாயின்றி வளர்ந்த அக்குட்டிகள் பெரியவையானபின் பிற குரங்குகளுடன் பழக அறியாதனவாயின, ஈன்ற குட்டியைப் பேணவும் அவற்றுட் பல அறியவில்லை. இன்று இத்தகைய கொடிய பரிசோதனைக்கு ஒழுக்கவிதிகள் இடந்தரா.

உகாண்டா நாட்டுக் கிராமங்களில்

கொள்கையை வகுத்தவர் பௌல்பி. அதை வீடு வீடாகச் சென்று சோதித்தவர் மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார். 1954ஆம் ஆண்டில் அவருடைய கணவருக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் கம்பாலா நகரில் வேலை கிடைத்தது. உடன் சென்ற அம்மையார் சும்மா இருக்கவில்லை. நகருக்குச் சில மைல் அப்பாலிருந்த கிராமங்களில், பால் மறவாத குழந்தைகளையுடைய 26 குடும்பங்களைத் தேர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியுடன் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, பிற்பகலில் பெண்கள் விருந்தினரை வரவேற்று உரையாடும் நேரத்தில் இரண்டு மணி நேரம் அமர்ந்து, தாயும் சேயும் பழகும் விதத்தைக் குறித்துக்கொண்டார். ஏறக்குறைய ஒன்பது மாதம் இப்பணி நடந்தது. கைம்மாறாகத் தாய்மாரைக் குழந்தைநல விடுதிக்குத் தம் வண்டியில் அழைத்துச் சென்றார். ஆராய்ச்சி என்றால் படிவத்தை நீட்டிக் கேள்வி கேட்டுப் போய்விடுவது என்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும்.

அவர் கண்டது என்ன? தவழும் குழந்தை தாயைவிட்டுச் சிறிது தூரம் போகிறது. ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறது. திரும்பித் தாயைப் பார்க்கிறது. அவள் இருப்பதறிந்து மேலும் போகிறது. புதியவர் வந்தால் விரைந்து மடிக்குத் திரும்புகிறது. உலகத்தை அறியப் புறப்படுவதற்குத் தாயே அதற்குப் பாதுகாப்பான தளமாக இருக்கிறாள். சில குழந்தைகள் தாய் அருகிருந்தும் ஓயாது அழுதன. வேறு சில, தாயிடம் தனிப்பற்று எதுவும் காட்டவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்டால், அது என்ன செய்தது, எதை விரும்புகிறது என்று விரிவாகச் சொல்லக்கூடிய தாய்மாரின் குழந்தைகளே பெரும்பாலும் அச்சமின்றி விளையாடின என்பதையும் அம்மையார் கண்டார்.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மேலும் 26 குடும்பங்களில் இதே முறையில் ஆராய்ந்தார். குழந்தை பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஓராண்டு முடிவு வரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் சென்றார்கள். இவ்வாராய்ச்சியின் முடிவு ஒன்று 1972ஆம் ஆண்டில் வெளியானது. அழும் குழந்தையை உடனே எடுத்தால் அது அழுகைக்குப் பழகிவிடும் என்னும் எண்ணம் அந்நாட்டிலும் பரவியிருந்தது. முதல் மாதங்களில் அழுகைக்குத் தாய் விரைந்து செவிசாய்த்த குழந்தைகள், ஆண்டு முடிவில் மற்றவற்றைவிடக் குறைவாகவே அழுதன என்று அம்முடிவு கூறிற்று.

ஓராண்டு நிறைந்த குழந்தைகளுக்கு அம்மையார் ஒரு சோதனை வகுத்தார். பொம்மைகள் பரப்பிய அறையில் தாயும் குழந்தையும் இருக்கிறார்கள்; அந்நியர் ஒருவர் வருகிறார்; தாய் மூன்று நிமிடம் அளவுக்கு வெளியே சென்று திரும்புகிறாள். கவனிக்கவேண்டியது தாய் திரும்பும் கணத்தையே. சில குழந்தைகள் அவளிடம் ஓடித் தேறுதல் பெற்று மீண்டும் விளையாடுகின்றன. இது உறுதியான பிணைப்பு. சில, தாய் வந்ததையே கவனியாதது போல் பொம்மையைப் பார்த்திருக்கின்றன. வேறு சில, தாயைப் பற்றிக்கொண்டே சினந்து உதைக்கின்றன, தேறுவதில்லை. கவனியாதிருக்கும் குழந்தையைத் துணிவுடையது என்று பார்ப்போர் மெச்சக்கூடும். ஆனால் அதன் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, உள்ளே கலக்கம் இருப்பது தெரிந்தது. கேட்டாலும் கிடையாது என்று அறிந்த குழந்தை கேட்பதையே அடக்கிக்கொள்கிறது. பிற்காலத்தில் மேரி மெயின் என்பவர் நான்காம் வகையொன்றைக் கண்டார்: தாயிடம் வரத் தொடங்கி நடுவில் திகைத்து நின்றுவிடும் குழந்தை. தேறுதல் தரவேண்டியவரே அச்சத்துக்கும் காரணமாயிருந்தால் குழந்தை எங்கே போகும்? அடி உதை மிகுந்த வீடுகளில் இவ்வகை அதிகம் காணப்பட்டது.

எட்டு நாடுகளில் ஏறக்குறைய 2,000 குழந்தைகளிடம் நடத்திய சோதனைகள் 1988ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் உறுதியான பிணைப்பினர். நாட்டுக்கு நாடு உள்ள வேற்றுமையைவிட, ஒரே நாட்டினுள் இருந்த வேற்றுமையே அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

பெரியோருக்குரிய சிகிச்சையில்

இதுவரை கூறியது குழந்தைகளைப் பற்றி. மனக்கவலையாலும், உறவு முறிவாலும், தற்கொலை எண்ணத்தாலும் துன்புறும் வயது வந்தோருக்கு இது எவ்வாறு உதவுகிறது?

மனநலச் சிகிச்சையில் மாத்திரைகள் ஒரு பகுதி. மருத்துவரோ பயிற்சி பெற்ற ஆலோசகரோ நோயாளியுடன் ஒழுங்காகச் சந்தித்து உரையாடிக் குணப்படுத்தும் முறை மற்றொரு பகுதி. இதனை உளச் சிகிச்சை என்பர். குழந்தைப் பருவத்தில் பெற்ற அனுபவத்திலிருந்து ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறோம் என்று பௌல்பி கூறினார். துன்பம் வந்தால் பிறர் துணை வருவரா, நாம் துணை பெறத் தகுதியுடையவர்தாமா என்பதே அக்கணக்கு. வீடு மாறினாலும், மணம் முடித்தாலும், பழைய கணக்கையே புதியவரிடமும் பார்க்கிறோம். மனைவி சற்று நேரம் பேசாதிருந்தால் கைவிட்டுவிட்டாள் என்று கொதிக்கும் கணவனும், கணவன் நோயுற்றுக் கிடக்கையிலும் அருகிற்போக அறியாத மனைவியும் இப்பழங்கணக்கின்படி நடக்கக்கூடும்.

1988ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சிகிச்சையாளரின் கடமைகளைப் பௌல்பி வகுத்தார். தவழும் குழந்தைக்குத் தாய் எவ்வாறோ, அவ்வாறு நோயாளிக்குச் சிகிச்சையாளர் ஒரு பாதுகாப்பான தளமாதல் முதற்கடமை. அதிலிருந்து புறப்பட்டே நோயாளி தன் துயரங்களை ஆராயத் துணிவான். பின்னர் இப்போதைய உறவுகளில் அவன் எதிர்பார்ப்பதென்ன, சிகிச்சையாளரிடமே அவன் எதிர்பார்ப்பதென்ன, அவ்வெதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பவற்றை இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டும். பழைய கணக்கு அன்றைக்குச் சரியாயிருந்திருக்கலாம், இன்றைக்குப் பொருந்துமா என்று அவனே எடைபோட உதவவேண்டும்.

இதனால் நடைமுறையில் ஏற்பட்ட மாறுதல் சிறிதன்று. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் சந்திப்பது வெறும் அலுவலக ஒழுங்கு அன்று. மருந்தின் ஒரு பகுதி. சிகிச்சையாளர் விடுமுறையில் செல்வதாயின் முன்னதாகவே சொல்லி, அதனால் எழும் கலக்கத்தையும் பேசவேண்டும். தம் துன்பத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சுருக்கிவிடுபவரை அவசரப்படுத்தாமல் அணுகவும், நாள்தோறும் அழைத்துத் தேறுதல் கேட்பவரைக் கடிந்து விலக்காமல் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரவும் பயிற்சி பெறும் சிகிச்சையாளருக்கு இன்று கற்பிக்கப்படுகிறது.

1980களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மேரி மெயின் குழுவினர் வயது வந்தோரைக் குழந்தைப் பருவத்தைப் பற்றிப் பேட்டி கண்டனர். துன்பமான இளமையை உடையவர் யாவரும் தம் குழந்தையுடன் உறுதியற்ற பிணைப்பையே கொள்வர் என்று எதிர்பார்க்கலாம். அவ்வாறு இல்லை. பட்டதை மறைக்காமலும், அதில் மூழ்கிப்போகாமலும், முன்பின் முரணின்றிச் சொல்லக்கூடியவரின் குழந்தைகள் பெரும்பாலும் உறுதியான பிணைப்புடன் இருந்தன. லண்டனில் கருவுற்ற பெண்களிடம் இப்பேட்டி நடத்தப்பட்டு, ஓராண்டான பின் குழந்தைகள் சோதிக்கப்பட்டபோது, நான்கில் மூன்று பங்கு முன்கூட்டியே சரியாகக் கணிக்க முடிந்தது என 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற்காலத்துப் பெரிய தொகுப்புகளில் இத்தொடர்பு இத்துணை வலுவாக இல்லை; இருப்பினும் இல்லாமற்போகவில்லை. பட்ட துன்பத்தை மாற்ற இயலாது, அதைச் சொல்லும் வகை மாறக்கூடும் என்பதால் சிகிச்சையாளருக்கு இது பெரிய ஊக்கம் அளித்தது.

அமெரிக்க மனநல நிபுணர் செல்மா ஃப்ரைபர்க் அம்மையார் 1975ஆம் ஆண்டில் எழுதிய ஒரு நிகழ்ச்சி சிகிச்சை நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஓர் இளந்தாய்க்கு அருகில் குழந்தை கதறியும் அவள் காதில் விழாதது போல் இருந்தாள். அவளே குழந்தையாயிருந்தபோது கைவிடப்பட்டவள். வீட்டுக்கே சென்று சந்தித்த சிகிச்சையாளர் குழந்தையை எடு என்று உபதேசிக்கவில்லை. அவளுடைய பழைய துயரத்தைக் கேட்டார். அவள் அழுதாள். அழுதபின் தன் குழந்தையை எடுத்து அணைக்கத் தொடங்கினாள். தாய்க்கும் சேய்க்கும் ஒருங்கே சிகிச்சை அளிக்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது.

எல்லாத் தாய்மாருக்கும் இத்துணை நீண்ட சிகிச்சை தேவையில்லை. நெதர்லாந்தில் எளிதில் சிணுங்கும் குழந்தைகளையுடைய 100 ஏழைத் தாய்மாரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் ஒரு பகுதியினர் வீட்டுக்கு மூன்று முறை மட்டும் சென்று, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் விதத்தைக் காட்டினார்கள். 1994ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, ஓராண்டு நிறைவில் இவ்வுதவி பெற்றோரின் குழந்தைகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உறுதியான பிணைப்பினர். பெறாதோரிடம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நியூயார்க்கில் ஏழைத் தாய்மார் சிலருக்குக் குழந்தையை மார்போடு சேர்த்துச் சுமக்கும் துணிப்பை கொடுக்கப்பட்டது. வேறு சிலருக்கு நெகிழி இருக்கை கொடுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு முடிவில், துணிப்பைக் குழந்தைகளுள் ஐந்தில் நான்கு பங்கும், இருக்கைக் குழந்தைகளுள் ஐந்தில் இரண்டு பங்கும் உறுதியான பிணைப்பினராய் இருந்தனர். இடுப்பிலும் தோளிலும் குழந்தையைச் சுமப்பவர்கள் இதை வியப்பின்றிப் படிப்பார்கள்.

தன்னைத் தானே வருத்திக்கொண்டு, அடிக்கடி தற்கொலைக்கு முயல்வோரின் சிகிச்சையிலும் இக்கொள்கை பயன்பட்டிருக்கிறது. தம் மனத்திலும் பிறர் மனத்திலும் நிகழ்வதை நின்று நிதானித்து ஊகித்தறியும் ஆற்றல் இவர்களுக்குக் கலக்க வேளையில் குன்றிவிடுகிறது. அவ்வாற்றலை வளர்ப்பதே லண்டனில் அந்தனி பேட்மனும் பீட்டர் ஃபோனகியும் வகுத்த முறை. 2008ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட எட்டாண்டுக் கணக்கில், இம்முறையில் சிகிச்சை பெற்றவருள் பின்னர்த் தற்கொலைக்கு முயன்றோர் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. வழக்கமான சிகிச்சை பெற்றவருள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. பங்குகொண்டவர் தொகை சிறிதெனினும் வேற்றுமை பெரிது. கணவன் மனைவியருக்காகக் கனடாவில் சூ ஜான்சன் அம்மையார் 1980களில் உருவாக்கிய சிகிச்சை முறையும் இக்கொள்கையைத் தழுவியதே. ஓயாத சண்டையின் அடியில், நீ எனக்குத் துணை நிற்கிறாயா என்னும் கேள்வி மறைந்திருக்கிறது என்று அவர் கொண்டார்.

எச்சரிக்கை வேண்டும் இடங்கள்

இக்கொள்கையைச் சிலர் தாயின்மேல் பழிசுமத்தும் கருவியாக்கினர். வேலைக்குச் செல்லும் பெண் குழந்தையைக் கெடுக்கிறாள் என்று பேசினர். 1972ஆம் ஆண்டில் மைக்கேல் ரட்டர் என்னும் லண்டன் மனநல மருத்துவர் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தார். பிரிவு ஒன்றே தீங்கு செய்வதில்லை; பிரிவுக்கு முன்னும் பின்னும் வீட்டில் நிலவும் பூசலும் புறக்கணிப்புமே பெருந்தீங்கு செய்கின்றன என்று காட்டினார். அதற்கு முன்பே, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964ஆம் ஆண்டில் எழுதியவர்கள், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தந்தை, பாட்டி, உடன்பிறந்தார் எனப் பலருடன் பிணைப்புக் கொண்டிருந்ததைக் கண்டனர். சோறூட்டுபவரைவிட, அழைத்தால் விடையளித்து விளையாடுபவரிடமே குழந்தை ஒட்டியது. ஆகவே கழனிக்குச் செல்லும் தாய் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுச்செல்வது குற்றமாகாது. ஆனால் வாரத்துக்கு ஒருவர் கையில் குழந்தை மாறிக்கொண்டிருக்கலாகாது.

குழந்தைப் பருவத்துப் பிணைப்பு தலைவிதியும் அன்று. அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிடம் மாறுதல் மிகுதியாகவே காணப்பட்டது. சோதனை அறையில் பார்க்கும் பார்வையை வைத்து அடுத்த வீட்டுக் குழந்தைக்கு முத்திரை குத்துவது தவறு.

மிகக் கொடிய தவறு வேறொன்று. பிணைப்புச் சிகிச்சை என்ற பெயரிலேயே சிலர் குழந்தைகளைப் பலவந்தமாக அழுத்திப் பிடிக்கும் முறையைக் கையாண்டனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தத்தெடுக்கப்பட்ட 10 வயதுச் சிறுமியைப் போர்வையில் சுருட்டி அமுக்கினர். மூச்சுத் திணறுகிறது என்று அவள் கதறியும் விடாததால் இறந்தாள். அதைச் செய்த இருவர் சிறை சென்றனர். மறு ஆண்டிலேயே அம்மாநிலம் அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. பௌல்பியின் கொள்கையில் இதற்கு எள்ளளவும் இடமில்லை. குழந்தையைக் கட்டியும் பூட்டியும் குணப்படுத்துவதாகச் சொல்பவர் எந்நாட்டவராயினும், எப்பட்டம் பெற்றவராயினும் அவரிடம் ஒப்படைக்கலாகாது.

ஊராட்சிகளின் முன் வரும் கேள்வி

ருமேனியா நாட்டில் 1966ஆம் ஆண்டில் கருக்கலைப்பு தடுக்கப்பட்டது. வளர்க்க வழியற்ற குடும்பங்கள் குழந்தைகளை அரசாங்க விடுதிகளில் விட்டன. 1989ஆம் ஆண்டில் அவ்வாட்சி வீழ்ந்தபோது விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். 2001ஆம் ஆண்டளவில் தலைநகர் புக்கரெஸ்டில் அத்தகைய 136 இளங்குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மூன்றரை வயதில் சோதித்தபோது, குடும்பத்தில் வளர்ந்தோருள் ஏறக்குறைய பாதிப் பேர் உறுதியான பிணைப்பினர். மற்றவருள் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர் அதிகம் தேறினர்.

நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை விடுதியில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஊராட்சித் தலைவரின் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமைக்கவும் மத்திய அரசின் திட்டம் வகை செய்திருக்கிறது. பெற்றோரை இழந்த குழந்தையைப் பற்றிய செய்தி அக்குழுவுக்கே முதலில் வரும். அப்போது பாட்டி, பெரியப்பா, அத்தை என்று குழந்தைக்கு ஏற்கெனவே பழகியவர் எவர் உளர், அவர் வளர்க்க இயலாமைக்குக் காரணம் பணமுடை மட்டும்தானா என்று விசாரிக்கவேண்டும். பணமுடைதான் என்றால், 2022ஆம் ஆண்டின் மிஷன் வாத்சல்யா வழிகாட்டு நெறிகளின்படி தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை பெற இடமுண்டு; மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் விண்ணப்பிக்கலாம். குழந்தையை எங்கு வைப்பது என்று முடிவுசெய்யும் அதிகாரம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. உடனடி உதவிக்குத் தொலைபேசி எண் 1098. துயரம் தாளாத பெரியோர் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய சேவை இது.

வேறு வழியின்றிக் குழந்தை புதிய இடத்துக்குப் போயே தீரவேண்டிய நிலையும் வரலாம். ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்சும், தாய் மருத்துவமனையில் இருந்த இளங்குழந்தைகள் சிலரை 1960களில் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தனர். முன்னதாகவே குழந்தைகளைத் தம்மோடு பழகவிட்டனர். வீட்டில் உறங்கிய போர்வையையும் விளையாட்டுப் பொருள்களையும் உடன் கொண்டுவரச் செய்தனர். தாயைப் பற்றி நாள்தோறும் பேசினர். வீட்டுப் பழக்கப்படியே உணவும் உறக்கமும் அமைத்தனர். அக்குழந்தைகளும் வருந்தின. ஆனால் மருத்துவமனைப் படத்தில் கண்ட அந்த மூன்றாம் நிலைக்கு அவர்கள் செல்லவில்லை. தாய் வந்தபோது அவளிடம் போயினர்.